மலையும் கடலும் சேரும் இடத்தில் ஒரு பறவை விழா

பறவைகளைப் பயிருக்குப் பகை என்றும் துணை என்றும் இரு வகையாகப் பிரித்துப் பேசுவது குடியானவர்களின் வழக்கம். பறவைகளால் மூன்றாவது பிரயோஜனம் ஒன்றும் உண்டு. ஒரு பிரதேசத்தின் மண்ணும் ஜலமும் எந்நிலையில் இருக்கின்றன என்பதை அவை காட்டிக் கொடுக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் ராஜ்யத்தில், ஸ்க்விம் என்னும் சிற்றூரில், ஏப்ரல் மாதத்தில் நடைபெறும் ஒலிம்பிக் பறவை விழாவைக் கவனித்தால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

பிரதேசத்தின் இயல்பு

ஸ்க்விம், ஒலிம்பிக் தீபகற்பத்தின் வடகரையை ஒட்டியது. அதற்கு வடக்கே ஹுவான் டி ஃபூகா ஜலசந்தி. தெற்கே ஏறத்தாழ 8,000 அடி வரை எழும் ஒலிம்பிக் மலைகள். மலைகளுக்கு மேற்கேயுள்ள ஹோ ஆற்றுக் காட்டில் வருஷத்திற்குச் சுமார் 140 அங்குலம் மழை பெய்கிறது. மேகங்கள் அப்பக்கத்திலேயே மழையைப் பொழிந்துவிடுவதால், மலை மறைவிலுள்ள ஸ்க்விமுக்குக் கிடைப்பது சுமார் 16 அங்குலமே. ஆகவே அங்குள்ள உழவர்கள், மலைப்பனி உருகிப் பாயும் டஞ்சனெஸ் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினர். 1895-ம் வருஷம் மே மாதம் முதல் தேதியன்று வாய்க்காலில் முதன்முதல் ஜலம் வந்தது. அதன் நினைவாக 1896-ல் தொடங்கிய பாசன விழா இன்றும் நடந்து வருகிறது. பறவை விழாவும் அவ்வாற்றையே ஆதாரமாகக் கொண்டது.

விழாவின் முறை

ஆற்றங்கரையிலுள்ள இயற்கைக் கல்வி நிலையமே விழாவின் மத்திய ஸ்தானம். பறவை ஆர்வலர் சங்கத்தாரும், அவ்விடத்துப் பூர்வ குடிகளாகிய ஜேம்ஸ்டவுன் ஸ்க்லாலம் மக்களும் இந்நிலையத்திற்குத் துணை நிற்பவர்கள். இம்மக்கள் 1874-ல் 500 டாலர் பொன் நாணயம் கொடுத்து 210 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கித் தம் ஊரை நிலைநிறுத்திக் கொண்டவர்கள். விழாவிற்கு வருவோர் கட்டணம் செலுத்திச் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து, பழகிய வழிகாட்டிகளுடன் செல்கின்றனர். விடியற்காலையில் ஆற்றங்கரைத் தோப்புகளும், இருட்டிய பின் ஆந்தைகள் இருக்குமிடங்களும் பார்க்கப்படுகின்றன. படகேறிப் புரொடெக்ஷன் தீவைச் சுற்றி வருவதும் உண்டு. கடற்பறவைகள் வளை தோண்டி முட்டையிடும் அத்தீவு 1982-ல் சரணாலயமாக்கப்பட்டது. படகுகள் கரையிலிருந்து 200 கெஜத்திற்கு அப்பாலேயே நிற்க வேண்டும். பார்க்க வந்தவர்களே பறவைகளை விரட்டிவிடலாகாது என்பதே இவ்விதியின் கருத்து.

மூன்று பறவைகள் காட்டும் உண்மை

ஹார்லிக்வின் என்னும் வாத்து குளிர்காலத்தைக் கடலோரப் பாறைகளிடையே கழிக்கிறது. வசந்தம் வந்ததும் வேகமாகப் பாயும் மலையோடைகளுக்கு ஏறிச்சென்று முட்டையிடுகிறது. ஓடை கெட்டால் கடற்கரையில் அவ்வாத்து குறையும்.

மார்பிள்டு மரலெட் என்னும் சிறு பறவை கடல் மீனைத் தின்று பிழைப்பது. ஆயினும் அது முட்டையிடுவது கரையிலிருந்து பல மைல் உள்ளே நிற்கும் முதிர்ந்த மரங்களின் பாசி படர்ந்த கிளைகளில். அம்மரங்கள் வெட்டப்பட்டு வந்ததால் இனம் குன்றியது; 1992-ல் அரசாங்கம் இதனை அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களில் சேர்த்தது.

பிராண்ட் என்னும் கருநிறக் கடல் வாத்து, அலாஸ்காவை நோக்கிப் போகும் வழியில் டஞ்சனெஸ் விரிகுடாவில் தங்குகிறது. ஆழமில்லாத கடலடியில் வளரும் ஒருவகைப் புல்லே அதற்கு ஆகாரம். கலங்கல் நீர் மிகுந்தால் வெயில் அடிவரை எட்டாது, புல் தேயும். வயலிலிருந்து வழியும் மண் கடலில் மேயும் பறவையின் உணவைக் குறைக்கும் விதம் இதுவே.

உழவர் செய்ததும் அதன் பயனும்

2000-ம் வருஷத்தில், டஞ்சனெஸ் விரிகுடாவின் ஒரு பகுதியில் தீய கிருமிகள் மிகுந்தன என்று கண்டு, அங்கே சிப்பி எடுப்பது தடுக்கப்பட்டது. கால்நடைச் சாணமும், வீடுகளின் மலத்தொட்டிக் கசிவும், வாய்க்கால்களின் வடிநீரும் குற்றவாளிகளாக எண்ணப்பட்டன. திறந்த வாய்க்கால்கள் பல குழாய்களாக மாற்றப்பட்டன. பிற்காலத்தில் தடை செய்த பரப்பில் ஒரு பகுதி மறுபடியும் திறந்துவிடப்பட்டது. குழாயினால் ஜலச் சேதமும் குறைந்தது. ஆனால் வாய்க்கால் கசிவை நம்பிய கிணறுகளுக்கும் சதுப்புகளுக்கும் ஊற்றுக் குறைய இடமுண்டு என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒரு திருத்தத்தின் லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை விட்டுவிடுவது சரியான கணக்காகாது.

இதற்கு முன்னரே, 1998-ல், பாசனதாரர்கள் ஆற்றில் ஓடும் ஜலத்தில் பாதிக்கு மேல் எடுப்பதில்லை என்று அரசாங்கத்துடன் உடன்பாடு செய்துகொண்டனர். எஞ்சிய பாதி ஆற்று மீன்களுக்கும் கழிமுகத்திற்கும் உரியதாயிற்று. குளிர்காலத்தில் ஊதுகொம்பு அன்னங்கள் இறங்கி மேய்வதும் இவ்வுழவர்களின் வயல்களிலேயே. ஏப்ரலில் விருந்தினர் கண்டு மகிழும் பறவைகள் இவ்வாறு வருஷம் முழுதும் நிலமுடையோர் செய்யும் காரியங்களால் காக்கப்படுபவை. விருந்தினர் விடுதிக்கும் உணவுக்கும் செலவிடும் பணம் ஊராருக்கே சேர்கிறது.

கிராமங்களில் செய்யத்தக்கவை

இவ்விழாவின் உட்கருத்தை எந்தக் கிராமத்திலும் செலவின்றிக் கையாளலாம். ஏரி, ஆறு, கழி இவற்றில் ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து, மாதந்தோறும் குறித்த தேதியில், குறித்த நேரத்தில் பறவைகளை எண்ணி, கிராம அதிகாரி ஒரு புஸ்தகத்தில் பதிவு செய்து வருவது நலம். இனத்தின் பெயர் தெரியாவிடில் ஊர் வழங்கும் பெயரே போதும். பல வருஷக் கணக்கு சேர்ந்த பின் ஒரு பறவை திடீரெனக் குறையுமாயின், அதனை மட்டும் தேடிப் போகாமல் ஜலத்தையும், கரையையும், வயலில் இட்ட மருந்தையும் சோதித்தல் வேண்டும். வடிகாலின் இரு புறமும் ஒரு கோல் அகலம் புல் விடுவதும், சாணக் குவியலை ஜலத்திற்கு எட்ட வைப்பதும், முட்டையிடும் காலத்தில் மரங்களை வெட்டாதிருப்பதும் உடனே செய்யக் கூடியவை. மலையில் தொடங்கும் நீர் கடலிற் சேரும்வரை பல பட்டாதாரர்களின் நிலங்களைக் கடக்கிறது. பறவைக்கோ அவை யாவும் ஒரே நிலம். அந்நிலத்தில் தம் பங்கு எவ்வாறுள்ளது என்பதை ஒவ்வொரு பட்டாதாரரும் விசாரித்து அறிதல் தகும்.