ஜொகூர்வாசிகளான கிள்ளான்வாசிகள்

கேள்வி: எங்கள் ஆலயத்தின் இணையப் படிவத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் கீழிறங்கு பட்டியலை எவ்வாறு அமைப்பது?
— வாசகர், மேரு

பதில்: 'செலக்ட்' என்னும் குறிச்சொல்லுக்குள், மாநிலத்துக்கு ஒன்றாக 'ஆப்ஷன்' குறிச்சொற்களை அடுக்கினால் பட்டியல் சித்தமாகிவிடும், ஆயின் 13 மாநிலங்களோடு 3 கூட்டரசுப் பிரதேசங்களையும் சேர்த்து 16 பெயர்கள் இடாவிடில், 1974-ஆம் ஆண்டிலேயே சிலாங்கூரினின்று பிரிந்துவிட்ட கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் பக்தர் தமக்குரிய பெயரைக் காணாது திகைப்பார்.

முதல் வரியில் 'மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்று எழுதி, அதன் மதிப்பை ('வேல்யூ') மட்டும் வெற்றாக இட்டு, 'ரிக்கொயர்ட்' என்னும் நிபந்தனையையும் 'செலக்ட்' குறிச்சொல்லில் விதித்துவிடுங்கள். அவ்வாறு செய்யாது, மலாய் அகரவரிசையில் முதலில் நிற்கும் ஜொகூரையே தலையில் வைத்து அடியேன் முன்பொரு சங்கத்துக்குச் செய்துகொடுத்த படிவத்தில், பட்டியலைத் தொடவே மறந்த கிள்ளான் அங்கத்தினர் பலர் ஒரே இரவில் ஜொகூர்வாசிகளாயினர்!

ஆண், பெண் போன்ற இரண்டே விடைகளுக்குப் பட்டியல் அநாவசியம். வட்டப் பொத்தான்களே போதும்.