கணிப்பொறியில் ஒரு கார்ப் பந்தயம்

கார்ப் பந்தய விளையாட்டு என்றவுடன், சுவரில் மோதினாலும் துள்ளி எழுந்து ஓடும் பொம்மைக் கார்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். நாம் இங்கே காணப்போவது அதுவன்று. உண்மையான கார் எவ்வாறு நடந்துகொள்ளுமோ அவ்வாறே நடந்துகொள்ளும்படி இயற்பியல் கணக்குகளால் அமைக்கப்பட்ட 'சிமுலேட்டர்' பற்றியதே இக்கட்டுரை. திரையில் தெரியும் மரமும் மேகமும் எவ்வளவு அழகாயிருந்தாலும் அது உண்மைத்தன்மை ஆகாது. டயர் தரையை எப்படிப் பற்றுகிறது, எப்போது விட்டுவிடுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

1984-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெஃப் கிராமண்ட், பி.பி.சி. மைக்ரோ என்ற சிறு கணிப்பொறிக்காக 'ரெவ்ஸ்' என்னும் பந்தயத்தை எழுதினார். அதன் நினைவகம் வெறும் 32 கிலோபைட்! அதற்குள்ளேயே சில்வர்ஸ்டோன் பந்தயப் பாதையையும், காரின் இறக்கைகளை மாற்றியமைக்கும் வசதியையும் அடக்கிவிட்டார். பின்னர் 1998-இல் அமெரிக்காவின் பாப்பிரஸ் நிறுவனம் 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' வெளியிட்டது. 1967-ஆம் ஆண்டின் கார்களே அதில் ஓடின. அக்கார்களின் எடை சுமார் 500 கிலோ. லோட்டஸ் 49 காரின் எஞ்சினுக்கோ சுமார் 400 குதிரைத் திறன். காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் அப்போது வரவில்லை. ஆகவே வாங்கியவர்களில் பலர் முதல் வளைவிலேயே பம்பரம்போல் சுழன்று நின்றனர். இவ்வளவு கடினமா என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆயினும் அதன் பெருமையே அதுதான் என்பது நம் கருத்து.

ஏன் சுழல்கிறது? டயரின் பிடிப்பைக் கையிலுள்ள காசுக்கு ஒப்பிடலாம். பிரேக் பிடிப்பதற்கே முழுவதையும் செலவழித்துவிட்டால், திரும்புவதற்குத் தேவையான மையநோக்கு விசைக்கு மிச்சம் ஏது? எனவே நேர்ப்பாதையிலேயே பிரேக்கை அழுத்தி, வளைவுக்குள் நுழைய நுழையக் காலைச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். வெளியே வரும்போதும் அப்படியே. ஸ்டியரிங் நேராக நேரத்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கலாம்.

இங்கேதான் கருவிகளின் அருமை தெரிகிறது. விசைப்பலகையில் ஒரு விசைக்கு 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டே நிலைகள். 'சிறிது' என்று சொல்ல அதற்குத் தெரியாது. ஸ்டியரிங் சக்கரமும் மிதிகளும் வைத்து ஓட்டினால் அந்தச் 'சிறிது' கிடைக்கிறது. நல்ல ஸ்டியரிங்கின் உள்ளே ஒரு மோட்டார் இருந்து நம் கையை எதிர்த்துத் திருப்புகிறது. முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்போது அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியுமுன் கைக்குத் தெரிந்துவிடுகிறது! பிரேக் மிதியிலும் உயர்ந்த வகை ஒன்று உண்டு. மிதி எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை விட்டு, எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதை அது அளக்கிறது. தூரத்தைவிட அழுத்தத்தையே நம் கால் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்கிறார்கள்.

அடுத்தது காரைச் சீரமைத்தல். மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் நமக்கு இதில் பாதி முன்பே தெரியும். பிரேக் பிடித்ததும் எடை முன்னோக்கிச் சாயும். ஆதலால் முன்சக்கரங்களுக்கு அதிகப் பிரேக் விசை தரலாம். அளவு மீறினாலோ அவை பூட்டிக்கொண்டு, கார் திரும்பாமல் நேரே போகும். பின்னால் அதிகமானால் வால்பக்கம் முந்திக்கொண்டு வரும். டயரில் காற்று மிகுந்தால் அதன் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து சூடேறும். குறைந்தால் இரு ஓரங்களும் சூடேறும். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களின் வெப்பநிலையைப் பார்த்தே காற்றையும் சக்கரத்தின் சாய்வையும் திருத்துகிறார்கள். மோன்சா போன்ற வேகப் பாதைக்கு ஒருவகைக் கியர் விகிதம், மொனாக்கோவின் குறுகிய தெருக்களுக்கு வேறுவகை. ஓரிடத்தில் பெற்றதை வேறோரிடத்தில் கொடுத்தே ஆகவேண்டும். விடுமுறையில் தோழியர் சிலர் கூடி ஓட்டிப் பார்த்தபோது நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, ஐந்து சுற்று ஓட்டுவது, நேரத்தை நோட்டில் எழுதுவது. ஆய்வுக்கூடத்திலும் நாம் செய்வது அதுதானே!

எரிபொருளும் சீரமைப்பில் சேர்ந்ததே. கூடுதலாக ஊற்றினால் எடை ஏறி வேகம் குறையும். குறைத்தால் நடுவழியில் நிற்க நேரும். 1967-இல் மோன்சாவில் ஜிம் கிளார்க் ஒரு முழுச் சுற்று பின்தங்கி, மீண்டும் எல்லாரையும் முந்தி முதலிடத்துக்கு வந்தார். ஆனால் கடைசிச் சுற்றில் எஞ்சினுக்கு எரிபொருள் சரிவர வந்து சேரவில்லை. வெற்றி ஜான் சர்ட்டீஸுக்குப் போயிற்று. கிளார்க்குக்குக் கிடைத்தது மூன்றாமிடம்.

அதே 1967-இல் மொனாக்கோவில் லொரென்சோ பாண்டினி என்ற இத்தாலிய வீரர் தம் கார் தீப்பற்றியதால் உயிரிழந்தார். அதே வளைவில் நாம் கணிப்பொறியில் மோதினால், ஒரு விசையை அழுத்திப் புதிய காரில் புறப்படலாம். பிரேக் பிடிக்கும்போது முன்னால் தள்ளும் விசையை நம் உடல் உணர்வதில்லை, அச்சமும் இல்லை. சிமுலேட்டர் எவ்வளவு முன்னேறினாலும் இந்த இடைவெளி இருக்கிறது. எனினும் அதைக் கடந்தவர்களும் உண்டு. 2008-இல் தொடங்கிய 'ஐரேசிங்' என்னும் சிமுலேட்டர், பந்தயப் பாதைகளை லேசர் கதிரால் அளந்து அவற்றின் மேடுபள்ளங்களை அப்படியே கொண்டுவருகிறது. அமெரிக்கரான வில்லியம் பைரன் சிறுவயதில் அதிலே பழகி, அதன் பின்னரே உண்மைப் பந்தயக் காரில் அமர்ந்தார். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டேட்டோனா 500 பந்தயத்தில் வென்றவர் அவரே.