விழுந்த மரமும் வீடுதான்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்திலிருந்து தென்கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், நாரோஜின் என்னும் சிற்றூருக்கு அருகே ட்ரையாண்ட்ரா காடு அமைந்துள்ளது. அதைச் சுற்றிலும் கோதுமை வயல்களும் ஆட்டுப் பண்ணைகளும் பரந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் அந்நிலங்களிலும் மரங்கள் அடர்ந்திருந்தன. வேளாண்மைக்காக அவை வெட்டப்பட்ட பிறகு எஞ்சிய காட்டுப் பகுதிகளே இன்று பாதுகாக்கப்படுகின்றன. 2022ஆம் ஆண்டில் ட்ரையாண்ட்ரா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இங்கு வாண்டூ என்னும் யூகலிப்டஸ் வகை மரங்கள் மிகுதி. அவற்றின் அடியில் உலர்ந்த கிளைகளும் உள்ளீடற்ற கட்டைகளும் சிதறிக் கிடக்கும். முதன்முறையாக வருவோர், ‘இவற்றை ஏன் அப்புறப்படுத்தவில்லை?’ என்று எண்ணக்கூடும். குப்பைபோல் தோன்றும் அக்கட்டைகளை நம்பித்தான் நம்பாட் என்னும் சிறிய விலங்கு வாழ்கிறது.

நம்பாட் மேற்கு ஆஸ்திரேலியாவின் மாநில விலங்கு. செம்பழுப்பு உடலும் முதுகில் வெண்ணிறப் பட்டைகளும் கொண்டது. கரையானே அதன் உணவு. ஒரு நாளில் 20,000 கரையான்கள் வரை அது உண்ணும். ஆனால், கரையான் புற்றை உடைக்கும் வலிமை அதற்கு இல்லை. ஆகவே, மண்ணின் மேற்பரப்பை ஒட்டிக் கரையான்கள் நடமாடும் பகல் வேளையில் மண்ணைக் கிளறி, நீண்ட நாக்கால் அவற்றைப் பிடிக்கிறது.

வாண்டூ மரத்தின் உட்பகுதியைக் கரையான்கள் அரிப்பதால் பொந்து உண்டாகிறது. அம்மரக்கிளை முறிந்து விழுந்ததும் அப்பொந்து நம்பாட்டின் உறைவிடமாகிறது. பருந்தோ நரியோ துரத்தினால், நம்பாட் அதற்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். உணவாவதும் கரையான், வீடு அமைத்துத் தருவதும் கரையான்!

ஐரோப்பியர் கொண்டுவந்த செந்நரிகளாலும் பூனைகளாலும் நம்பாட்டுகள் பெருமளவில் அழிந்தன. 1980களில் இக்காட்டில் நரிகளுக்கு நச்சு கலந்த இரை வைக்கப்பட்டது. அதன் பின்னர் நம்பாட்டுகளின் எண்ணிக்கை உயர்ந்தது. அந்த நச்சுப்பொருள் இவ்வட்டாரச் செடிகள் சிலவற்றில் இயற்கையாகவே உள்ளது. அதனால், இம்மண்ணுக்குரிய விலங்குகள் அதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த நரிகளால் தாங்க முடியாது. ஆயினும், பூனைகளால் வரும் ஆபத்து இன்னும் நீங்கவில்லை.

நம்பாட்டைக் காண விரும்புவோர் காட்டுப்பாதையில் வண்டியை மெதுவாகச் செலுத்த வேண்டும். ஓசையின்றிக் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தீ மூட்டுவதற்காகத் தரையில் கிடக்கும் கட்டைகளைப் பொறுக்கக் கூடாது. ஒரு பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். அது எரிந்து சாம்பலாக ஓர் இரவு போதும்.