ஆன்லைனில் கேள்வி-பதில் கூட்டமா?

குடியிருப்போர் சங்கத்துக்காக ஒரு மருத்துவரை அழைத்து, வீடியோ அழைப்பில் சந்தேகம் கேட்கப் போகிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்.

* தலைப்பு குறுகலாக இருக்கட்டும். ‘உடல்நலம்’ என்றால் பேச்சு எங்கெங்கோ போகும். ‘சர்க்கரை நோயாளியின் கால் பராமரிப்பு’ என்றால் கேள்விகள் கூர்மையாக வரும்.

* நான்கு நாள் முன்பே வாட்ஸ்அப் குழுவில் கேள்விகளை வாங்குங்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பத்துக்குள் அடக்கி மருத்துவருக்கு அனுப்புங்கள்.

* நேரத்தைக் கணக்கிடுங்கள். இலவசக் கணக்கு என்றால் ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். இரண்டிலும் 100 பேர் வரைதான் சேரலாம்.

* ஒருவர் கூட்டத்தை நடத்தட்டும். இன்னொருவர் சாட்டில் வரும் கேள்விகளைத் தொகுக்கட்டும். நுழையும்போதே எல்லோருடைய மைக்கும் அணைந்திருக்கும்படி அமைத்துவிட்டால், குக்கர் விசில் கேட்காது.

* தொடக்கத்தில் எல்லோரும் தயங்குவார்கள். முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள்.

* தட்டச்சு செய்யத் தெரியாத பெரியவர்கள் பேசிக் கேட்கத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

* தன் மருத்துவ அறிக்கையை விரிவாக வாசிக்கத் தொடங்குபவரை, ‘நேரில் காட்டிக் கேளுங்கள்’ என்று பக்குவமாக நிறுத்துங்கள். கூட்டத்தைப் பதிவு செய்வதானால் முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

* மறுநாளே பதில்களைச் சுருக்கி, மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு குழுவில் போடுங்கள். வர முடியாதவர்களுக்கும் அது உதவும்.