வீடியோவில் புரிகிறது, தாளில் வருவதில்லை
இணையவழிப் போட்டித் தேர்வுப் பயிற்சி நிறுவனங்களும் நம் வகுப்பறையும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்கு ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனத்தின் பணியாளர்கள் இருவர் வந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இலவசமாக ஒரு திறனறித் தேர்வு நடத்துகிறோம், நன்றாக எழுதுபவர்களுக்கு நீட் அடிப்படைப் பயிற்சியில் கட்டணச் சலுகை உண்டு என்றார்கள். நல்ல வாய்ப்பு என்று நினைத்து நான்தான் வகுப்பில் அறிவித்தேன். 42 பேர் எழுதினார்கள். விடைத்தாளின் முதல் பக்கத்தில் பெற்றோரின் கைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் விட்டவர்களையும் நிரப்ப வைத்தேன்.

அடுத்த வாரமே அழைப்புகள் தொடங்கின. "உங்கள் பிள்ளை சலுகைக்குத் தேர்வாகிவிட்டது, இன்று இரவுக்குள் சேர வேண்டும்" என்று ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் ஒரே செய்தி. கட்டட வேலைக்குச் செல்லும் ஒரு தாய் மாதத் தவணைக்குச் சம்மதித்துவிட்டார். அது ஒரு கடன் ஒப்பந்தம் என்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு மாதங்களில் மகள் பாடம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். தவணை மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்கு வந்த அந்தத் தாய் கோபப்படவில்லை. "நீங்க எழுதச் சொன்னதாலதானே டீச்சர் நம்பி நம்பர் கொடுத்தோம்" என்று மட்டும் கேட்டார். பலமுறை கடிதம் எழுதிய பின் எஞ்சிய தவணைகள் ரத்தாயின. கட்டிய பணம் திரும்பவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய வழியில் நான் கற்றவற்றை இங்கே பகிர்கிறேன்.

எப்படி வளர்ந்தன?

2010இல் ஒரு யூடியூப் அலைவரிசையாகத் தொடங்கிய அன்அகாடமி 2015இல் நிறுவனமானது. 2011இல் தொடங்கப்பட்ட பைஜூஸ் தன் செயலியை 2015இல் வெளியிட்டது. 2016இல் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்து, காணொலிப் பாடம் சிற்றூர்களையும் எட்டியது. பிரயாக்ராஜைச் சேர்ந்த அலக் பாண்டே யூடியூபில் இயற்பியல் நடத்திப் புகழ்பெற்று, 2020இல் பிசிக்ஸ் வாலாவைக் குறைந்த கட்டணச் செயலியாக மாற்றினார். அதே ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. கைபேசியே வகுப்பறையானது. முதலீடு குவிந்தது. 2021இல் பைஜூஸ் ஆகாஷ் பயிற்சி நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது.

பள்ளிகள் திறந்ததும் காற்று திசை மாறியது. 2022இல் அன்அகாடமியும் பிசிக்ஸ் வாலாவும் ராஜஸ்தானின் கோட்டா நகரில் நேரடிப் பயிற்சி மையங்களைத் திறந்தன. திரையில் வளர்ந்தவர்களே பெஞ்சும் கரும்பலகையும் தேடி வந்தார்கள். 2022இல் 2,200 கோடி டாலர் என மதிப்பிடப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது.

இந்த வரலாற்றில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலீட்டாளர் பணத்தில் இயங்கும் நிறுவனம் வேகமாக வளர்ந்தே ஆக வேண்டும். வளர்ச்சி என்றால் புதிய சேர்க்கை. ஆகவே கற்பிப்பவர்களுக்கு இணையாக விற்பவர்களும் அங்கே தேவைப்படுகிறார்கள். பெற்றோரின் கைபேசி எண் அவர்களுக்கு எவ்வளவு மதிப்புள்ளது என்பது அன்று எனக்குத் தெரியாது.

அவற்றில் நல்லது இல்லையா?

உண்டு. பெருநகர்களில் மட்டும் கிடைத்த சிறந்த ஆசிரியரின் விளக்கம் இன்று கிராமத்து மாணவருக்கும் கிடைக்கிறது. புரியாத இடத்தைப் பத்து முறை திரும்பப் பார்க்கலாம். யாரும் திட்ட மாட்டார்கள். மாதிரித் தேர்வுகளும் முந்தைய ஆண்டு வினாக்களும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. நானும் சில பாடங்களை இத்தகைய காணொலிகளைப் பார்த்தே மெருகேற்றிக்கொண்டேன்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த மாணவியிடம் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். "வீடியோவில் புரியுது டீச்சர். தாளில் வர மாட்டேங்குது" என்றாள். v = u + at என்ற சமன்பாட்டில் t-ஐக் கண்டுபிடிக்கச் சொன்னேன். இயற்பியல் அவளுக்குப் புரிந்திருந்தது. uவை மறுபுறம் கொண்டுசென்று aஆல் வகுக்கத் தெரியவில்லை. அது கீழ்வகுப்பு இயற்கணிதம். அவள் எங்கே தடுமாறி நிற்கிறாள் என்று அந்தக் காணொலிக்குத் தெரியாது. கணக்கு ஆசிரியரான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பார்ப்பதும் செய்வதும்

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. ஒரு குழுவினர் ஒரு பத்தியைத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு குழுவினர் ஒருமுறை படித்தபின், பாராமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினார்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பது 'தெரிந்துவிட்டது' என்ற உணர்வைத் தருகிறது. முயன்று எழுதுவதே நிலைக்கிறது.

இதன் அடிப்படையில் என் வகுப்பில் மூன்று பழக்கங்களைக் கொண்டுவந்தேன்.

1. கடைசி எட்டு நிமிடம்: நோட்டை மூடிவிட்டு மூன்று வினாக்கள். இன்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. அருகில் இருப்பவர் திருத்துவார். மதிப்பெண் பதிவேட்டில் ஏறாது. அதனால் பயமில்லை.

2. நிறுத்து, செய், பார்: வீட்டில் காணொலி பார்ப்பவர்கள், கணக்கு திரையில் வந்ததும் நிறுத்திவிட்டுத் தாங்களே செய்ய வேண்டும். அதன்பிறகே விடையைப் பார்க்க வேண்டும்.

3. தவறு நோட்டு: ஒவ்வொரு தவறையும் 'தெரியவில்லை', 'தெரிந்தும் தவறவிட்டேன்', 'நேரம் போதவில்லை' என்ற மூன்று பத்திகளில் ஒன்றில் எழுத வேண்டும். எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்பதை முதல் பத்தி எனக்குச் சொல்லிவிடும்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களிடம் இவற்றைத் தொடங்குவது எளிது. நீட் போன்ற தேர்வுகளில் 180 நிமிடத்தில் 180 வினாக்கள். அந்த வேகம் பதினோராம் வகுப்பில் திடீரென்று வராது.

வகுப்பறைச் செயல்பாடு: விளம்பரத்தைக் கணக்காக்குவோம்

எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை விழுக்காட்டுப் பாடத்தோடு இதைச் செய்யலாம். கீழுள்ள எண்கள் கற்பனையானவை. நேரம் ஒரு பாடவேளை.

படி 1: 'அ' நிறுவனம் "எங்கள் மாணவர்கள் 400 பேர் தேர்ச்சி" என்கிறது. 'ஆ' நிறுவனம் "30 பேர் தேர்ச்சி" என்கிறது. எதில் சேருவீர்கள்? பெரும்பாலோர் 'அ' என்பார்கள்.

படி 2: முழுப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் 'அ'வில் 40,000, 'ஆ'வில் 600 என்று எழுதுங்கள். 'அ' 1 விழுக்காடு, 'ஆ' 5 விழுக்காடு என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

படி 3: 'அ' குறிப்பிடும் 400 பேரில் 350 பேர் இலவச மாதிரித் தேர்வை மட்டும் எழுதியவர்கள். முழுப் பயிற்சி பெற்றுத் தேர்ச்சியடைந்தவர்கள் எத்தனை விழுக்காடு? 0.125.

படி 4: "ரூ.90,000 பயிற்சி, 50 விழுக்காடு தள்ளுபடியில், மாதம் ரூ.2,500, 18 தவணைகள்." மொத்தம் எவ்வளவு? ரூ.45,000. நாள் கூலி ரூ.600 என்றால் எத்தனை நாள் உழைப்பு? 75 நாள்.

நான்காம் படியில் என் வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு ஒரு மாணவன், "தள்ளுபடி போக இவ்வளவா டீச்சர்?" என்றான். அன்று மாலை பல வீடுகளில் இந்தக் கணக்கு பேசப்பட்டதாக மறுநாள் சொன்னார்கள்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

• 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் தந்த அறிவுரை: வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதிக்காதீர்கள், தெரியாமல் கடனுக்குச் சம்மதிக்காதீர்கள்.

• பயிற்சி மையங்களுக்கான 2024 ஜனவரி வழிகாட்டுதல்: 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோரைச் சேர்க்கக் கூடாது.

• 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறை: வெற்றி பெற்ற மாணவர் எந்தப் பயிற்சியில் சேர்ந்தார், அது எவ்வளவு காலம், கட்டணப் பயிற்சியா என்பதை விளம்பரம் சொல்ல வேண்டும்.

• 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்: 18 வயது நிறையாதவரின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் தேவை.

• ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கட்டணம் இல்லாத வழிகளையும் கூடவே சொல்ல வேண்டும். வெறுமனே 'சேராதீர்கள்' என்றால், பிள்ளையின் கனவைத் தடுக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். நம் துறையின் மணற்கேணி செயலி, கல்வித் தொலைக்காட்சி, நீட், ஜே.இ.இ. தேர்வுகளுக்காக ஐ.ஐ.டி. கான்பூரோடு இணைந்து ஒன்றிய அரசு நடத்தும் சாத்தி தளம் ஆகியவை இருக்கின்றன. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கினால், வீட்டில் கைபேசி இல்லாத மாணவரும் இவற்றைப் பயன்படுத்தலாம்.

முடிவாக

எங்கள் பள்ளியில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வெளியார் தேர்வு நடத்த வந்தால் துறையின் அனுமதிக் கடிதம் கேட்கிறோம். அனுமதி இருந்தாலும் மாணவர் பெயருக்குப் பதில் வரிசை எண், பெற்றோர் எண்ணுக்குப் பதில் பள்ளியின் முகவரி. இதைச் சொன்னதும் சிலர் தேர்வு நடத்தாமலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அந்த மாணவிக்குத் தேவைப்பட்டது சமன்பாட்டில் இரண்டு வாரப் பயிற்சி. மதிய இடைவேளையில் அதைச் செய்தோம். இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. இலவசக் காணொலிகளைப் பார்க்கிறாள். கையில் பென்சிலோடு, கணக்கு வந்ததும் நிறுத்திவிட்டு.