குவாதலூப் தீவுக்குச் செல்வார் இருவர்

சென்ற கோடை விடுமுறையில் யாம் எம் ஊராகிய பொட்டிப்புரத்தில் இருந்தபோது, பிரயாணக் கம்பெனி ஒன்று அச்சிட்ட வண்ணத்தாள் ஒன்று எம் கைக்குக் கிடைத்தது. கரிபியன் கடலிலுள்ள தீவுகள் சிலவற்றை ஏழு நாளிற் சுற்றிக்காட்டும் உல்லாசக் கப்பலைப் பற்றிய விளம்பரம் அது. அதன் அட்டவணையில், "குவாதலூப்: காலை 8 மணிக்குக் கரை சேர்தல்; மாலை 5 மணிக்குப் புறப்பாடு" என்று ஒரு வரி இருந்தது. யாம் அதனை எம் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டி, "அப்பத்தா, இந்தத் தீவிலே முத்துசாமி, சிதம்பரம் என்றெல்லாம் பெயருள்ளவர்கள் இருக்கிறார்கள். நூற்றெழுபது ஆண்டுக்கு முன்னே கரும்பு வெட்டக் கொண்டுபோனவர்களுடைய வழியினர்" என்றோம். படத்திலிருந்த நீலக்கடலையோ வெண்மணலையோ பற்றி அவர் ஒன்றும் வினவினாரல்லர். "போனவர்கள் திரும்பி வந்தார்களா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். ஏலத்தோட்டத்துக்கு மலையேறியவரும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கடல் கடந்தவரும் உள்ள பள்ளத்தாக்கிற் பிறந்தவர்க்கு அக்கேள்வி முதலில் தோன்றியது வியப்பன்று.

அவர்க்கு விடை கூறும்பொருட்டுப் படிக்கத் தொடங்கிய யாம், படித்து முடித்தபோது வேறொரு வினாவையும் கைக்கொண்டோம். அத்தீவுக்குத் தமிழர் ஒருவர் செல்வாராயின் எங்ஙனம் செல்லல் வேண்டும்? உல்லாசக் கப்பலிற் சென்று ஒரு பகல் காணலாமா? அன்றித் தனித்துச் சென்று சின்னாள் தங்கல் வேண்டுமா? இக்கட்டுரை அதனை ஆராய்வது.

முதலில் தீவின் இயல்பைச் சிறிது அறிதல் நன்று. குவாதலூப் வண்ணத்துப்பூச்சி ஒன்று இரு சிறகையும் விரித்தாற்போன்ற வடிவினது. மேலைச் சிறகாகிய பாஸ்தேர் மலையும் காடும் செறிந்தது; 1,467 மீட்டர் உயர்ந்த சூஃப்ரியேர் எரிமலை அதன்கண் உள்ளது. 1976-இல் அம்மலை குமுறியபோது எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசல் விட்டு வெளியேற நேர்ந்தது. கீழைச் சிறகாகிய கிராந்த்தேர் தாழ்ந்த சுண்ணாம்புக்கல் நிலம், கரும்புக்கு ஏற்றது. இரண்டுக்கும் நடுவே உப்பாறு எனப் பொருள்படும் பெயருடைய குறுகிய கடற்கால் ஓடுகின்றது. கொலம்பஸ் 1493-இல் இங்கு வந்து, ஸ்பெயின் தேசத்து மடம் ஒன்றின் பெயரைத் தீவுக்கு இட்டார். இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட அவருடைய பிழையால் இப்பக்கத்துத் தீவுகட்கு மேற்கிந்தியத் தீவுகள் என்னும் பெயர் வாய்த்தது. அவர் காணாத இந்தியர் ஏறக்குறைய 360 ஆண்டு கழித்து மெய்யாகவே அங்கே கொண்டுசெல்லப்பட்டனர்.

அது நிகழ்ந்தவாறு இது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1848-இல் ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றோர் பலர் பழைய எசமானரின் கரும்புத் தோட்டத்தில் உழைக்க விரும்பினாரல்லர். ஆகவே தோட்டக்காரர் புதுச்சேரியையும் காரைக்காலையும் நோக்கினர். ஓரேலி என்னும் கப்பல் 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் முதற் கூட்டத்தைக் கொணர்ந்தது. 1889 வரையில் குவாதலூப்புக்கு மட்டும் சென்றோர் 42,000-க்கு மேற்பட்டோர். கல்கத்தாவிற் கப்பலேறியவரும் அவருள் உண்டெனினும், பெரும்பகுதியினர் தமிழ்நிலத்தவர். ஐந்தாண்டு ஒப்பந்தம், அது முடிந்தபின் ஊர் திரும்பக் கப்பற் செலவின்றி இடம் தருவதாக வாக்கு. தொழிலாளர் படும் துன்பம் பெருகவே, பிரிட்டிஷ் அரசாங்கம் 1888-இல் இவ்வேற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்குள் மிகப்பலர் மாண்டொழிந்தனர். அப்பத்தாவின் கேள்விக்கு விடை இதுதான்: போனவருள் நான்கில் ஒரு பங்கினர்கூடத் திரும்பவில்லை.

தங்கினோர்க்கும் உரிமை எளிதிற் கிட்டவில்லை. கப்பெஸ்தேர் என்னும் ஊரில் 1863-இற் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பார், இந்தியர் வழியினர்க்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904-இல் வழக்கைத் தொடங்கினார். 1923-இலேதான் அதன் பயனைக் கண்டார். பத்தொன்பது ஆண்டு ஒரே வழக்கு! எம் வயது முழுவதும் அவ்வழக்கின் வயதுக்குச் சரியாயிருப்பதை எண்ணி யாம் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். பிற்காலத்தில் எர்னஸ்ட் முத்துசாமி என்பார் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் அத்தீவின் பிரதிநிதியாக இருபதாண்டுக்கு மேல் அமர்ந்திருந்தார் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

இனிக் கப்பற் பயணியைக் காண்போம். அவரை இகழ்தல் எமது கருத்தன்று. முதியோர், நடக்கமாட்டாதார், மொழி தெரியாதார் ஆகியோர்க்கு உல்லாசக் கப்பல் பேருதவி. உண்டியும் உறையுளும் உடன்வருதலின் ஊர்தோறும் விடுதி தேடும் துன்பம் இல்லை. வானூர்தியிற் செல்வார்க்கு வாய்க்காத ஒரு பேறும் அவர்க்கு உண்டு. விடியற்காலத்தில் மேல்தளத்தில் நின்று, கடல்விளிம்பில் முதலில் முகிலும், பின்னர் முகிலுக்குள் மலையும், பின்னர்க் கரையும் தோன்றக் காணலாம். ஓரேலியில் வந்தோரும் கடல்வழியாகவே அக்கரையைக் கண்டனர். ஆனால் அவர்க்கு மாலைப் புறப்பாடு இல்லை.

குறை நேரத்தில் உள்ளது. எட்டு மணிக்குக் கப்பல் கட்டப்பெறினும் இறங்கச் சிறிது பொழுதாகும். புறப்பாட்டுக்கு அரைமணிக்கு முன்னரேனும் ஏறிவிடல் வேண்டும். எஞ்சுவது எட்டு மணி. பெரிய கப்பல் ஒன்றில் மூவாயிரவர்க்கு மேலும் வருவர். கப்பல் சேரும் புவாந்தாப்பீத்ர் நகரின் குடிகளோ ஏறக்குறைய 15,000 பேர். கப்பலிலேயே உண்டு வந்தவர் கரையில் உண்பது அரிது. நடந்து செல்லும் தொலைவில் சேன் அந்துவான் சந்தை இருக்கின்றது. அங்கே மசாலைப் பொடியும், கட்டம்போட்ட மதராஸ் துணியும் வாங்கிக்கொண்டு திரும்புவர். அத்துணி எங்கிருந்து பெயர் பெற்றது என்று சொல்லவேண்டுவதில்லை. கூலியாட்கள் செல்வதற்கு முன்னரே, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, சென்னைப் பக்கத்துத் துணி அத்தீவுகளை அடைந்துவிட்டது. அங்குள்ள பெண்டிரின் தலைக்கட்டாகி, இன்று அவர்தம் நாட்டு உடையாகவே எண்ணப்படுகின்றது.

பணம் கூடுதலாகக் கட்டியோர் பேருந்தில் ஏறிக் கார்பே அருவிக்குச் செல்வர். 110 மீட்டர் வீழும் நீர் காணத்தக்கதே. எம் சுருளி அருவியை விரும்பும் யாம் அருவியைக் குறைகூறோம். ஆனால் அவ்வழியை நிலப்படத்திற் பார்த்தபோது எமக்கு ஒன்று புலனாயிற்று. அருவிக்குப் போகும் நெடுஞ்சாலை கப்பெஸ்தேர் வழியே செல்கின்றது. அச்சாலை ஓரத்திலேயே ஷான்ஜி என்னுமிடத்தில், வண்ணச் சிலைகளோடு நம் நாட்டுக் கோயிலைப் போன்ற கோயில் ஒன்று நிற்கின்றது. ஆன்ரி சிதம்பரம் பிறந்த ஊரும் அதுவே. அருவிக்கு விரையும் வண்டி நில்லாதாயின், தமிழர் ஒருவர் சன்னலோரத்தில் அமர்ந்து, தம்மவர் வாழ்ந்து வழக்காடிய ஊரை இரண்டு நிமிடத்திற் கடந்துவிடுவார். கண்டேம் என்றும் எழுதிவிடுவார்.

இஃது எமக்குச் சிறிது தைப்பதற்குக் காரணம் உண்டு. எம் ஊர்ப்பக்கத்து மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைத்தற்கு மத்திய அமைச்சரவை 2015-இல் ஒப்புதல் அளித்த காலத்தில், யாம் சிறு பிள்ளையாயிருந்தோம். அதனை ஆதரிப்பாரும் எதிர்ப்பாருமாகக் கார்களில் வந்தோர் பலர். மலையைப் படம் பிடிப்பர். டீக்கடையில் இருவரிடம் பேசுவர். பொழுது சாயுமுன் போடிக்கோ தேனிக்கோ திரும்பிவிடுவர். அவர் எழுதியன பொய்யல்ல. ஆனால் எம் வீட்டார் ஆடு மாடு ஓட்டிச் செல்லும் தடமும், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் புல் இருக்கும் என்பதும் அவற்றில் இல்லை. இவற்றைக் காண ஒரு நாள் போதாது.

தனித்துச் செல்வார் படும் பாடும் சிறிதன்று. இந்தியாவிலிருந்து நேரே செல்லும் வானூர்தி இல்லை. பாரிஸ் சென்று, அங்கிருந்து எட்டு மணிக்கு மேலாக அட்லாண்டிக் கடலைக் கடத்தல் வேண்டும். 1946 முதல் அத்தீவு பிரெஞ்சு நாட்டின் மாகாணமாயினும், அது ஷெங்கன் எல்லைக்குள் அடங்கியதன்று. எனவே ஐரோப்பிய விசா ஒன்றே போதும் என்று எண்ணிப் புறப்படாமல், குவாதலூப்பின் பெயரைச் சொல்லித் தூதரகத்தில் முன்னரே கேட்டறிக. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. பேசும் மொழி பிரெஞ்சும் கிரெயோலும். பேருந்து உண்டு, ஞாயிறன்று மிகக் குறைவு. வாடகைக் கார் இன்றிச் சிற்றூர்களைக் காண்பது கடினம்.

இத்தனை தொல்லைக்கும் கைம்மாறாகக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை. தமிழ் வழியினர் தம் குடும்பக் கோயில்களிற் பெரும்பாலும் அன்றே கூடி வழிபடுகின்றனர். ஆடு பலியிடுவர், பின்னர் வாழையிலையில் உணவு படைப்பர். அவருட் பெரும்பாலோர் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். காலையிற் பூசைக்குச் சென்று, பின்னர் மாரியம்மனுக்குப் பொங்கலிடுவதை அவருட் பலர் முரணாகக் கருதுவதில்லை. கிறிஸ்தவராகிய யாம் இதனைப் படித்தபோது தீர்ப்புக் கூற எண்ணியது உண்மை. ஒப்பந்தக்கூலிகளாக வந்தோர் பிள்ளைகட்குப் பெயர் காக்க வேறெவ்விடமும் இல்லாதிருந்ததை எண்ணி வாளா இருந்தோம். நாகூர் ஆண்டவரையும் அங்கே இந்துக்கள் கொடிமரம் நாட்டி வணங்குகின்றனர். கடலைக் கடத்திக் காத்தவர் என்பது அவர் நம்பிக்கை.

தமிழ்மாணவர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அங்குள்ளோர் தமிழ் பேசுவதில்லை. ஆயினும் பூசாரிமார் தமிழ்ப் பாடல்களைச் செவிவழியாகக் காத்துப் பாடுகின்றனர். பாடுவோர்க்கும் பொருள் முழுதும் விளங்குவதில்லை. மாரியம்மன் அவர் வாயில் மாலியேமன் ஆகின்றாள். மதுரைவீரன் மல்தேவிலின், நாகூர் மீரான் நாகூமிலா. மத்தளம் மத்தலோம், தாளம் தாலோம், தப்பு தப்பூ. தெருக்கூத்தின் வழிவந்த நாடகத்தை நாத்ரோன் என்பர். இவற்றைக் கேட்டவுடன் நகைத்துத் திருத்தப் புகுவது நம்மனோர்க்கு எளிது. யாமும் முதலில் நகைத்தோம். பின்னர் நன்னூல் வகுப்பு நினைவுக்கு வந்தது. பந்தல் பந்தர் ஆவதையும், சாம்பல் சாம்பர் ஆவதையும் போலி என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கின்றது. லகரம் ரகரமாவதற்கு இடம் உண்டாயின், மாரி மாலி ஆவதை, மீரான் மிலா ஆவதைப் பிழை என்று மட்டும் தள்ளுவது எங்ஙனம்? தஞ்சாவூரைத் தஞ்சை என்பார் மரூஉ என்று சொல்லித் தப்பித்துக் கொள்கின்றனர். மல்தேவிலின் என்பாரை நாம் ஏன் மறந்தவர் என்கின்றோம்? எழுத்தறியாதார், பள்ளி இல்லாதார், எசமானனின் மொழி காதைச் சூழ்ந்திருக்க, ஐந்தாறு தலைமுறையாக ஒரு பெயரை வாயினின்று விடாமல் வைத்திருந்தனர். அப்பெயரை அவர் சொன்னவாறே திருப்பிச் சொல்வது விருந்தினர்க்குரிய முறை.

மற்றொரு சொல்லையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். தீவின் பேர்பெற்ற உணவுக்குக் கொலொம்போ என்று பெயர். மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் முதலியன சேர்த்த பொடியில் ஆட்டிறைச்சியோ கோழியோ வேகவைப்பது. இலங்கைத் தலைநகரின் பெயரே இதுவென்பர் சிலர். குழம்பு என்னும் தமிழ்ச்சொல் திரிந்தது என்பர் வேறு சிலர். முடிபு கூற யாம் வல்லேமல்லேம். அப்பத்தாவிடம் பொடியின் சரக்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னபோது, "மிளகாய் வற்றல் போடாமல் என்ன குழம்பு?" என்று அவர் இரண்டாவது கட்சியை ஐயுற்றார்.

கப்பலிற் செல்வதே இயலும் என்பார்க்கும் வழி இல்லாமற் போகவில்லை. கூட்டப் பேருந்தை விட்டு, நால்வராகச் சேர்ந்து வாடகைக் கார் ஒன்று பேசிக்கொண்டு நேரே கப்பெஸ்தேருக்குச் செல்லலாம். கோயிலையும் ஊரையும் கண்டு, நண்பகல் உணவை அங்கேயே உண்டு, நான்கு மணிக்குள் துறைக்குத் திரும்பலாம். நேரம் மிகுந்தால், பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் திறக்கப்பெற்ற மெமோரியல் ஆக்த் என்னும் அடிமைமுறை வரலாற்றுக் காட்சிசாலை புவாந்தாப்பீத்ர் நகரிலேயே இருக்கின்றது. வழிபாட்டைக் காணவேண்டின் கப்பல் ஞாயிறன்று கரை சேர்தல் வேண்டும், அழைப்பும் வேண்டும், கேளாமற் படம் எடுத்தல் கூடாது.

எம்மிடமுள்ள வண்ணத்தாளை மீண்டும் எடுத்துக் கிழமையை நோக்கினோம். செவ்வாய்க்கிழமை என்றிருந்தது.