உருண்டை முனைச் சாவியின் பயன்

புல்வெட்டும் இயந்திரத்திலும் மோட்டார் சைக்கிளிலும், தலையில் அறுகோணக் குழியுள்ள சில திருகாணிகள் எளிதில் எட்டாத மூலைகளில் அமைந்திருக்கும். அவற்றைச் சுழற்ற உருண்டை முனையுடைய ஆலன் சாவி உதவும். ஏறத்தாழ 25 பாகை சாய்த்துப் பிடித்தாலும் அது குழிக்குள் சுழலும்.

எனினும், உருண்டையை ஒட்டிய கழுத்து மெலிந்தது. மிகுந்த பலத்தைத் தாங்காமல் முறியக்கூடும். ஆதலால், இறுகிய திருகாணியை முதலில் தளர்த்துவதற்கும் முடிவில் இறுக்குவதற்கும் சாவியின் குட்டையான மறுமுனையை நேராகச் செருகுங்கள். இடையில் விரைந்து சுழற்றுவதற்கே உருண்டை முனை.

அளவும் பொருந்த வேண்டும். 5 மில்லிமீட்டர் குழியில் 3/16 அங்குலச் சாவியும் நுழையும். ஆனால் அதன் அளவு 4.76 மில்லிமீட்டரே, தளர்ந்து சுழன்று குழியின் மூலைகளைத் தேய்த்துவிடும். தேய்ந்த திருகாணியைத் துளையிட்டு எடுக்க நேர்ந்தால் பணமும் ஒரு நாள் வேலையும் வீணாகும்.

வேலையைத் தொடங்குமுன் இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றுங்கள். குழியிலுள்ள மண்ணை ஆணியால் சுரண்டி எடுத்த பின், சாவியை அடிவரை செருகுங்கள். சாவியில் குழாயை மாட்டி நெம்பாதீர்கள். பொறுமையாகச் செய்தால் சாவியும் நிலைக்கும். இயந்திரமும் நெடுநாள் உழைக்கும்.